உறைந்த லாங்குஸ்டீன் பெட்டி: காசுக்குத் தகுமா?

ஒரு கிலோ அட்டைப்பெட்டி. மூடியில் ‘லாங்குஸ்டீன், முழுது, 16/20’ (கிலோவுக்கு எத்தனை உருப்படி என்ற அளவு) என்று அச்சு. உள்ளே வெளிர் ஆரஞ்சு நிறத்தில், நீளக் கொடுக்கோடு, தலைமாற்றித் தலைமாற்றி அடுக்கிய சின்ன லாப்ஸ்டர்களின் வரிசை. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மீன்கடைகளில் புலி இறால் கிடக்கும் அதே ஃப்ரீசரில்தான் இதுவும் கிடக்கும். விலையைப் பார்த்ததும் பலர் இறாலையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த விலைக்கு இது தகுமா என்று கேட்டால், சில பெட்டிகள் தகும், பல பெட்டிகள் தகாது. கடைக்காரர் அளவைப் பார்த்து விலை போடுகிறார். ருசியோ, கடலிலிருந்து எப்படி எடுத்தார்கள், எடுத்தபின் எவ்வளவு சீக்கிரம் குளிர வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதனால்தான் 10/15 என்று போட்ட விலையுயர்ந்த பெட்டி மாவுபோல் இருப்பதும், அதில் பாதி விலைக்கு வாங்கிய 21/30 தித்திப்பதும் நடக்கிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நார்வே லாப்ஸ்டர், டப்ளின் பே ப்ரான், லாங்குஸ்டீன், ஸ்காம்பி, ஸ்பெயின்காரர்களின் சிகாலா எல்லாம் ஒரே உயிர்தான்: நெஃப்ராப்ஸ் நார்வேஜிகஸ். ‘ப்ரான்’ என்று எழுதியிருந்தாலும் இறால் இல்லை; கொடுக்குள்ள லாப்ஸ்டர் குடும்பம். நம்மூர் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது. கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் இழுவைப் படகுகள் கொண்டுவரும் ஆழ்கடல் சிங்கியும் கொடுக்கில்லாத அந்தக் கூட்டம்தான். நெருங்கிய சொந்தம் தேட வேண்டுமானால் அந்தமான் கடலின் ஆழத்தில் கிடைக்கும் மெட்டாநெஃப்ராப்ஸ் அண்டமானிகஸைச் சொல்லலாம். நியூசிலாந்திலிருந்து வரும் ‘ஸ்காம்பி’யும் மெட்டாநெஃப்ராப்ஸ்தான். நல்ல சரக்கு, ஆனால் வேறு இனம். பிரிட்டனில் அதன்மேல் ‘பசிபிக் ஸ்காம்பி’ என்று இருக்க வேண்டும்.

இந்த உயிர் ஐஸ்லாந்து, நார்வேயிலிருந்து மொராக்கோ வரையும் மத்தியதரைக் கடலிலும், 20 மீட்டர் ஆழத்திலிருந்து 800 மீட்டர் வரை வாழ்கிறது. மணலும் பாறையும் ஆகாது. குழைந்த சேறுதான் வேண்டும். அதில் 20, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வளை தோண்டி, பல வாசல் வைத்து, உள்ளேயே கிடக்கும். மங்கல் வெளிச்சம் இருந்தால்தான் வெளியே வரும். ஆழம் குறைந்த இடத்தில் இரவில், நடு ஆழத்தில் விடியலிலும் அந்தியிலும், மிக ஆழத்தில் பட்டப்பகலில். முட்டை சுமக்கும் பெட்டைகள் இலையுதிர்காலத்தில் வளைக்குள் போனால் வசந்தம் வரை அநேகமாகத் தலைகாட்டுவதில்லை. எத்தனை இருக்கிறது என்று எண்ணக்கூட முடியாமல், சறுக்குவண்டியில் கேமராவைக் கட்டிக் கடலடியில் இழுத்து வளைகளை எண்ணித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் 1992 முதல் இதுதான் வழக்கம்.

வாங்குபவருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய. குளிர்காலத்தில் பிடித்த பெட்டியில் பெரும்பாலும் ஆண்தான் இருக்கும். பருவமடைந்த பெட்டை வருஷத்துக்கு ஒருமுறைதான் ஓடு கழற்றும், வளர்ச்சி மெதுவாகிவிடும். ஆகவே பெரிய சைஸ் எல்லாம் ஆணின் கணக்கு. கோடையில் பெட்டைகள் வெளியே வரும். அப்போது தலையோட்டுக்குள் கரும்பச்சையாக ஏதோ தெரிந்தால் கெட்டுப்போனது என்று தூக்கி எறிய வேண்டாம்; அது முதிர்ந்து வரும் சினைப்பை. வாலுக்கடியில் ஒட்டியிருக்கும் புது முட்டையும் கரும்பச்சைதான். அண்மையில் ஓடு கழற்றியவையும் அந்தப் பருவத்தில் கலந்து வரும். தலையோட்டின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஒரு பெட்டியில் அப்படி நாலைந்து இருந்தால் காசு போயிற்று.

இழுவலையா, கூடா?

வெளியே உலாவுகிறதை வாரிக்கொண்டு போவது இழுவலை. மணிக்கணக்கில் இழுக்கிறார்கள், வலை மடியின் அடியில் சேறும் மீனும் சேர்ந்து நசுக்க, கொடுக்கு ஒடிந்து, செவுளில் சேறு அடைத்து மேலே வரும். கூடு வேறு மாதிரி. உப்புப்போட்ட ஹெர்ரிங் மீனை இரையாகக் கட்டி, வரிசையாகக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கிவிட்டு, பிறகு வந்து தூக்குகிறார்கள். உயிரோடு, முழு மீசையோடு வரும். ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாய் அறையில் நிறுத்தி வைத்து, ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் லாரியில் உயிரோடு அனுப்புகிறார்கள். மிச்சத்தில் ஒரு பங்குதான் உறைந்த பெட்டியாகிறது.

லேபிளில் இதை ஒளிக்க வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பிடித்த கருவியின் வகையை எழுத வேண்டும்: ‘ட்ராப்ஸ்’, ‘பாட்ஸ்’ என்று இருந்தால் கூடு, ‘ட்ரால்ஸ்’ என்றால் இழுவலை. வடகிழக்கு அட்லாண்டிக்கில் (எஃப்ஏஓ 27, அதாவது ஐ.நா. உணவு அமைப்பின் கடற்பகுதி எண்) பிடித்ததாக இருந்தால் எந்த உட்பகுதி என்பதும் இருக்க வேண்டும். ‘மேற்கு ஸ்காட்லாந்து’ என்றால் கூடு வைத்துப் பிடிப்பது நிறைய நடக்கும் கடல். ‘வடகடல்’ என்றால் பெரும்பாலும் இழுவலை. ஃப்ளேடன் என்ற பெரிய சேற்றுப்பரப்பு அங்கேதான். அயர்லாந்துக்கு மேற்கே போர்க்குபைன் திட்டு என்றால் ஆழம் அதிகம், உயிர்களும் பெரிசு. ஐஸ்லாந்து என்று இருந்தால் பிடித்த தேதியைக் கேளுங்கள். அங்கே குஞ்சு வரத்து படுத்துவிட்டதால் 2022-இல் பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் இழுவலை என்றதும் ஒதுக்கிவிடக் கூடாது. சில படகுகள் மடியைத் தூக்கிய கொஞ்ச நேரத்திலேயே தரம்பிரித்து, கழுவி, பெட்டியிலடுக்கி, படகிலேயே உறைய வைத்துவிடுகின்றன. ‘ஃப்ரோசன் அட் ஸீ’ என்ற எழுத்தைத் தேடுங்கள். கூட்டில் பிடித்துப் பல நாள் தொட்டியில் பட்டினி கிடந்து, நோஞ்சானாகிக் கடைசியில் உறைய வைத்ததைவிட இது எவ்வளவோ மேல். எங்கள் வரிசை இப்படி: கூட்டில் பிடித்து அன்றே உறைய வைத்தது முதலிடம், படகிலேயே உறைந்த இழுவலைச் சரக்கு அதை ஒட்டியே வரும், இழுவலையில் பிடித்து, ஐஸில் கிடத்தி, கரைக்கு வந்து உறைந்தது வெகுதூரம் பின்னால்.

அளவும் உண்மையான விலையும்

16/20 என்றால் கிலோவுக்கு 16 முதல் 20 உருப்படி. ஒன்று 50 முதல் 62 கிராம். 31/40 என்றால் 25 முதல் 32 கிராம். இதில் தலையும் கொடுக்கும்தான் பெரும்பங்கு. வால் எடையை முழு எடையாக மாற்ற மீன்வளத் துறைகள் 3 ஆல் பெருக்குகின்றன. அதாவது வால் மூன்றில் ஒரு பங்கு. ஓட்டையும் கழித்தால் சதை ஏறக்குறைய நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். பேச்சுக்குக் கிலோ 20 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தின்னும் சதை கிலோ 80 முதல் 100 பவுண்டு. 16/20-இல் ஓர் உருப்படிக்கு 10 முதல் 15 கிராம் சதை. நாலு பேருக்கு ஆளுக்கு ஐந்து வைத்தால் ஒரு கிலோ தீர்ந்துவிடும். வயிறு நிரம்பாது, நாக்குக்கு மட்டும். 31/40 வாங்கினால் உரிக்கும் வேலை இரட்டிப்பு, ஆனால் தலை நிறைய வரும். ரசத்துக்கும் கூழுக்கும் இதுதான் லாபம்.

ஐஸ் பூச்சைக் கவனிக்க வேண்டும். காற்றுப் பட்டு உலராமல் இருக்க மெல்லிய ஐஸ் பூச்சு தேவைதான். ஆனால் சட்டப்படி நிகர எடையில் அது சேரக்கூடாது. சோதிப்பது எளிது. உறைந்தபடியே நிறுத்து, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் மேல் ஐஸ் கரையும்வரை மட்டும் பிடித்து, துடைத்து, மறுபடி நிறுங்கள். பெட்டியில் போட்ட நிகர எடைக்குக் குறைந்தால் ரசீதோடு கடைக்குத் திரும்பலாம். பெட்டியின் மூலையில் ஐஸ் கட்டியாகத் தேங்கி, உருப்படிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் எங்கோ வழியில் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அதை வாங்கவே வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும்

தலையும் வாலும் சேரும் இடத்தைப் பாருங்கள். செத்ததும் முதலில் கெடுவது தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி. அதிலிருந்து கசியும் நொதி பக்கத்து வால் சதையைத் தின்ன ஆரம்பிக்கும். இளக வைத்தபின் வாலின் முதல் கண்ணியை அமுக்கினால் கூழாக இருந்து, கடைசிக் கண்ணிகள் மட்டும் கெட்டியாக இருந்தால், படகின் தளத்திலேயே அது நேரம் கடந்து கிடந்திருக்கிறது. எந்த மசாலாவும் இதைச் சரிசெய்யாது.

கரும்புள்ளி வேறு கதை. தலையிலும் கால் மூட்டுகளிலும் மை தடவியதுபோல் வரும். நொதியும் காற்றும் சேர்ந்து உண்டாக்கும் நிறம். தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் பழசு என்று சொல்லிக்கொடுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் (ஈ223) கரைசலில் முக்குகிறார்கள். சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அந்த வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள். அளவுமீறி முக்கிய சரக்கில் எரிந்த தீக்குச்சி வாடை வரும், சதையும் ரப்பர்போல் விறைக்கும். 4-ஹெக்சில்ரிசார்சினால் (ஈ586) போட்ட பெட்டிகளில் சல்ஃபைட் தொல்லை கிடையாது. கிடைத்தால் அதை எடுக்கலாம். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் மட்டும் யோசிக்காமல் குப்பையில் போட வேண்டும்.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் இன்னொரு தொல்லை உண்டு. ஹெமடோடினியம் என்ற ஒட்டுண்ணி இரத்தத்தில் பெருகி, உடம்பு முழுக்க ஒளிபுகாத அடர் ஆரஞ்சாகிவிடும். நல்ல உருப்படியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வால் கொஞ்சம் கண்ணாடிபோல் தெரியும். ஒட்டுண்ணி பிடித்தது சுண்ணாம்பு அடைத்ததுபோல் இருக்கும். சதை குழைந்து, சப்பென்று, சிலசமயம் கசக்கும். நிறம் பளிச்சென்று இருக்கிறதே என்று அதையே பொறுக்கி எடுப்பவர்கள் உண்டு.

உயிரோடு வாங்கினால் என்ற கேள்வி வரும். கடலோர ஊர்களில் படகடியில் வாங்கினால் அதற்கு ஈடில்லை. நகரத்துக் கடைத் தொட்டியில் பல நாள் கிடந்ததற்கு இரட்டை விலை கொடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வாலை நீட்டிவிட்டால் சட்டென்று சுருட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். வீட்டில் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றே சமைத்துவிட வேண்டும். நல்ல தண்ணீரிலோ உருகும் ஐஸிலோ போட்டால் தாங்காது, செத்துவிடும். கொல்லும்போது நன்றாகக் குளிர வைத்து மரத்துப்போனபின், தலை நடுவில் கத்தியை இறக்கி நீளவாக்கில் பிளப்பதே முறை. பிரிட்டன் 2022-இல் விலங்குகளின் உணர்வு பற்றிய சட்டத்தில் இவற்றையும் சேர்த்துவிட்டது.

சமைக்கும்போது

உறைந்ததை வடிதட்டில் பரப்பி, கீழே பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம். அவசரமென்றால் பையில் காற்றில்லாமல் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம். நேரடியாகத் தண்ணீரில் ஊறப்போட்டால் தித்திப்பு அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். தலை வெந்துவிடும், வால் உறைந்தே இருக்கும்.

குடலை எடுக்க முதுகைக் கீற வேண்டியதில்லை. வால்விசிறியில் ஐந்து மடல் இருக்கும். நடு மடலை மட்டும் பிடித்து, ஒரு பக்கம் திருகி மறுபக்கம் திருகி, மெதுவாக இழுத்தால் கறுப்பு நரம்பு முழுசாக வந்துவிடும். பாதியில் அறுந்தால் மட்டும் கீறலாம். இதைச் செய்யாமல் விடுவது சோம்பேறித்தனம். சேற்றில் மேயும் உயிர் இது. 2011-இல் வெளியான ஆய்வொன்றில், ஸ்காட்லாந்தின் க்ளைடு கடலில் பிடித்தவற்றில் 83 சதவீதத்தின் இரைப்பையில் பிளாஸ்டிக் இழை இருந்தது. இரைப்பை தலைக்குள், வாய்க்குப் பின்னால் சிறு பைபோல் இருக்கும். தலையைப் பிளந்தால் விரலாலேயே எடுத்துவிடலாம்.

அவிக்க ஒரு கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தண்ணீர் குறைந்தால் போட்டதும் கொதி அடங்கி, அது திரும்ப வருவதற்குள் சதை பஞ்சாகிவிடும். மறுபடி கொதி வந்ததிலிருந்து 31/40-க்கு ஒன்றரை நிமிஷம், 16/20-க்கு இரண்டு முதல் இரண்டரை, 10/15-க்கு மூன்று. இறாலைப் போல் நிறம் பார்த்து இறக்க முடியாது என்பதுதான் இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம். வேகும் முன்பே இது ஆரஞ்சு. வெந்தாலும் கொஞ்சம்தான் மாறும். ஒன்றைப் புரட்டி வாலின் அடிப்பக்கத் தோல் வழியாகப் பாருங்கள். கண்ணாடித்தன்மை போய் வெள்ளையானால் இறக்கிவிடலாம். பச்சைத் தண்ணீரில் கொட்டாமல் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

கிரில்லில் வாட்டுவது இன்னும் சுலபம். நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் மேலாக வைத்து, வெண்ணெய், பூண்டு, நசுக்கிய மிளகு தடவி, நன்றாகக் காய்ந்த கிரில்லுக்கு அடியில் 3 முதல் 4 நிமிஷம். அதற்குமேல் ஒரு நிமிஷம் விட்டால் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுக் குழம்பு வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், ஆனால் அதற்கு இந்தச் சதையை வீணாக்க வேண்டாம். மிளகாயும் புளியும் ஏறினால் லாங்குஸ்டீனின் மெல்லிய தித்திப்பு காணாமல் போய்விடும். குழம்புக்குப் புலி இறாலே தோதானது, விலையும் குறைவு. மசாலா தாங்குவது தலையும் கொடுக்கும்தான்.

உரித்த வால், ஸ்காம்பி பாக்கெட்

உரித்து வரும் வால் சதை வசதிதான், ஆனால் பொருட்களின் பட்டியலில் தண்ணீரும் ஈ450, ஈ451 போன்ற பாஸ்பேட்டும் இருந்தால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். சூடான சட்டியில் போட்ட அரை நிமிஷத்தில் வெள்ளை நீர் விட்டுக் குளமாகும், வறுபடாது. ‘லாங்குஸ்டீன், உப்பு’ என்ற இரண்டே வார்த்தை உள்ள பாக்கெட் கிடைத்தால் வாங்குங்கள்.

பிரட்தூள் சுற்றிய ஸ்காம்பியில் இரண்டு சாதி. ‘ஹோல்டெயில்’ என்றால் ஒரு முழு வால். ‘ரீஃபார்ம்டு’, ‘ஃபார்ம்டு’ என்றால் உடைசல்களை அரைத்து ஒட்டியது. ஒன்றைக் குறுக்கே வெட்டினால் முழு வாலில் நார் வளைந்து ஓடுவது தெரியும். ஒட்டியதில் சீரான பசைதான். உறைந்தபடியே 180 டிகிரி எண்ணெயில் இரண்டரை, மூன்று நிமிஷம். இளக வைத்தால் மாவு கழன்றுவிடும். முழு வால் பாக்கெட் பப் சாப்பாட்டுக்கு மோசமில்லை. ஒட்டிய சரக்கை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். ஸ்காட்லாந்துப் பெயரைப் பார்த்து எல்லாமே அங்கேயே உரித்தது என்றும் நினைக்க வேண்டாம்: 2006-இல் ஒரு பெரிய நிறுவனம் உரிக்கும் வேலையை அன்னான் நகரிலிருந்து தாய்லாந்துக்கு மாற்றியது. உரித்த சதை மறுபடி கப்பலேறி வந்தது.

தலையும் கொடுக்கும்

கொடுக்கில் சதை கொஞ்சம்தான், 16/20-ஐவிடச் சின்ன சைஸில் அதை உடைப்பது வீண் வேலை. ஒரு கிலோ பெட்டியில் மிஞ்சும் தலை, கொடுக்கு, ஓடு எல்லாவற்றையும் இரைப்பையும் செவுளும் நீக்கி, செவுள் இடுக்குச் சேற்றை அலசிவிட்டு, எண்ணெயில் 5 நிமிஷம் வதக்குங்கள். ஓடு மணக்க ஆரம்பித்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் 25 நிமிஷம். அதற்குமேல் போனால் கசப்பும் பசைத்தன்மையும் இறங்கும். வடிகட்டும்போது தலைகளைக் கரண்டியால் நன்றாக நசுக்கிப் பிழிய வேண்டும். ருசியில் பாதி அங்கேதான். நண்டு ரசத்துக்குச் செய்வதுபோல் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டால் அந்த ரசத்துக்காகவே பெட்டி வாங்கலாம். ஒடியல் கூழுக்கும் இதுவே தண்ணீர். உப்பு மட்டும் கடைசியில்தான். அவித்த தலையானால் ஏற்கெனவே உப்பேறியிருக்கும். அன்றே செய்ய முடியாவிட்டால் தலைகளைப் பையில் இறுக்கிக் கட்டி உறைய வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சுரப்பியின் கொழுப்பு ஃப்ரீசரிலும் சிக்கு வாடை பிடிக்கும்; முழுப் பெட்டியையே மூன்று நான்கு மாதத்துக்குமேல் வைக்காமலிருப்பதும் அதனால்தான்.